நாடு விட்டு நாடு போன முகம்

போட்டோ ஸ்டுடியோவுக்குள் இரண்டு ஆட்களோடு வந்ததும் மொட்டை, சுவரில் இருந்த படங்களைத் தடியால் அடித்து நொறுக்கினான். கண்ணாடிச் சில்லு ஒன்று படக்காரியின் கன்னத்தில் பாய்ந்தது. துடைக்கக்கூட விடாமல் மற்ற இருவரும் அவளை மேசையோடு சேர்த்து அமுக்கினார்கள்.

கதவைத் திறந்துவிட்டது அவளுடைய சொந்தத் தங்கை.

பாறை சரிந்து ஆட்கள் செத்ததற்கு நியாயம் கேட்கப் போன தங்கை புருஷனை, கல்குவாரி முதலாளியின் அடியாட்கள் அடித்தே கொன்றிருந்தார்கள். விபத்து என்று சொல்லி வழக்கை ஊற்றி மூடியாயிற்று. பிணவறையில் படக்காரி எடுத்த அந்த முகம், தாடை கழன்று வீங்கிய முகம், இப்போது ஓர் இணையதளமாக உலகம் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு நாட்டுக் கலைஞர் அதைத் தன் சர்வரில் வைத்திருப்பார். தடையோ மிரட்டலோ வந்தால், வேறு நாட்டுக் கலைஞர் ஒருவரிடம் ஒப்படைத்துவிடுவார். எந்தெந்த நாட்டுச் சட்டத்துக்கு இந்த முகம் உறுத்துகிறது என்று பார்ப்பதுதான் அந்தக் கலைத்திட்டம்.

தங்கைக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. “செத்தவரை ஒரு இடத்துல நிம்மதியா கிடக்க விடமாட்டியா? ஊர் ஊரா இழுத்துட்டு அலையுறியே!” என்று அக்காவிடம் சண்டை போட்டு, பேச்சையே நிறுத்தியிருந்தாள். படத்தை இணையத்திலிருந்து நீக்கச் சொல்லிப் பேசத்தான் போகிறோம் என்று மொட்டை சொன்னதை நம்பி, அவன் யாருடைய ஆள் என்று தெரியாமல் அவளே கூட்டி வந்திருந்தாள்.

“அந்த வெப்சைட் பாஸ்வேர்டு சொல்லு,” என்றான் மொட்டை.

“என்கிட்ட இல்லப்பா. இப்ப எந்த நாட்டுல இருக்குன்னே எனக்குத் தெரியாது.”

“யாருக்குக் காது குத்துற?”

மேசை இழுப்பறையைத் திறந்து, அவள் வலது கையை உள்ளே திணித்து, காலால் ஓங்கி உதைத்துச் சாத்தினான். எலும்பு முறிந்த சத்தம் தங்கைக்குக் கேட்டது. அக்காவின் அலறல் அதற்குப் பிறகுதான் வந்தது.

“பேசத்தானே வந்தீங்க! விடுங்கடா அவளை!”

“உன் புருஷனும் இப்படித்தான் கத்தினான்,” என்று சிரித்துக்கொண்டே, மொட்டை மறுபடியும் காலைத் தூக்கினான்.

தங்கை சுவரோரம் நின்ற கேமரா ஸ்டாண்டைத் தூக்கினாள். நல்ல கனமான இரும்பு. முதல் அடி அவன் காதோரம் விழுந்தது. மண்டியிட்டவனின் வாயில் அடுத்த அடி. பற்கள் தரையில் தெறித்தன. மற்ற இருவரும் படிக்கட்டில் விழுந்தடித்து ஓடினார்கள். அவள் நிறுத்தவில்லை. ரத்தம் கண்ணில் தெறித்தும் நிறுத்தவில்லை.

“போதும்டி! செத்துடுவான்!” படக்காரி ஒற்றைக் கையால் அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தாள். இருவரும் கண்ணாடித் துண்டுகளின் மேலேயே விழுந்தார்கள். தங்கை அப்போதுதான் அழ ஆரம்பித்தாள்.

“நான்தான் கதவைத் திறந்தேன்... அக்கா, நான்தான் திறந்தேன்.”

“தெரியும். வாயை மூடு. நான்தான் அடிச்சேன்னு சொல்லப்போறேன்.”

மொட்டைக்கு மூச்சு இருந்தது. ஆம்புலன்ஸ் அவனை ஏற்றிக்கொண்டு போன பிறகு, போலீஸ்காரர் யார் அடித்தது என்று கேட்டார். இருவரும் ஒரே குரலில் “நான்தான்” என்றார்கள். பூசணியாக வீங்கித் தொங்கிய அக்காவின் கையைப் பார்த்துவிட்டு, அவர் தங்கையின் தோளைப் பிடித்தார்.

தெருவே கூடி நின்றது. ஜீப்பில் ஏறப்போனவள் திரும்பிப் பார்த்தாள்.

“அக்கா, அந்தப் படத்துல அவர் சட்டைப் பொத்தான் கழண்டு கிடக்கு. முகம் மட்டும் தெரியிற மாதிரி வெட்டிப் போடச் சொல்லு. அவருக்கு அப்படி நின்னா பிடிக்காது.”

“சொல்றேன்டி,” என்றாள் படக்காரி.

ஜீப் கிளம்பியது. அவள் இடது கையால் போனை எடுத்து, பழக்கமில்லாத விரலால் ஒவ்வோர் எழுத்தாக, உலகத்தில் எங்கேயோ அந்தப் படத்தை வைத்திருக்கும் முகம் தெரியாத ஒருவருக்குக் கைமாறிப் போய்ச் சேரும்படி தகவல் எழுதத் தொடங்கினாள்.