பற்பசை, மண்ணெண்ணெய், அண்ணியின் சிவப்புக் கார்

1

இந்தக் கதை எனக்கு ஒரு கிழிந்த பனியனிலிருந்து கிடைத்தது. நேற்று அண்ணி தன் பழைய காரைத் துடைத்த துணி அது. செக்கச் செவேலென்று கொடியில் தொங்கியது. எதிர் வீட்டுக்காரர் பதறி ஓடி வந்து, "யாருக்குங்க அடிபட்டுச்சு?" என்றார். இதை எழுதாவிட்டால் நான் எதற்கு எழுதுகிறவள் என்று உட்கார்ந்துவிட்டேன்.

தொடக்கம்: "அந்தி வானம் சிவந்திருந்த ஒரு..." [வேண்டாம். நடந்தது காலையில்.]

இன்னொன்று: "பெண்ணின் வாழ்வும் வெளுத்துப்போன வண்ணமும்..." [அண்ணி படித்தால் என்னையும் சேர்த்துத் துடைத்துவிடுவாள்.]

சரி, நேராகவே சொல்கிறேன். அண்ணி டிரைகிளீனிங் கடை வைத்திருக்கிறாள். துணி மூட்டை ஏற்றுவதற்காக அவளே பார்த்து, அவளே நிறம் சொல்லி வாங்கிய கார் இது. வெயிலில் நின்று நின்று சிவப்பு வெளுத்துவிட்டது. கை வைத்தால் பொடி ஒட்டும். அண்ணன் பெயின்டரிடம் பேசிவிட்டான். இன்று வந்து எடுத்துப் போய்ச் சாம்பல் நிறம் அடிப்பாராம்.

"சாம்பல்னா அழுக்கு தெரியாது" என்றான் அண்ணன், நேற்றுக் காலையில்.

"அழுக்கு தெரியணும். அப்பதான் துடைப்போம்" என்றாள் அண்ணி.

"நாளைக்குள்ள அதுல என் மூஞ்சி தெரியட்டும், பெயின்டரே வேணாம்!" என்று பந்தயம் கட்டினான் அண்ணன்.

அண்ணிக்கு இருந்தது ஒரே ஒரு நாள்.

2

சமையலறையும் குளியலறையும் காலியாகி வாசலுக்கு வந்தன: வினிகர், மண்ணெண்ணெய், பற்பசை, குழந்தைக்குத் தேய்க்கும் எண்ணெய், என் நெயில் பாலிஷ் ரிமூவர்.*

அண்ணிக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தத் துணியானாலும் உள்மடிப்பில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்காமல் மருந்து போடமாட்டாள். காருக்கு உள்மடிப்பு ஏது? கொஞ்சம் யோசித்துவிட்டு, பெட்ரோல் ஊற்றும் இடத்தின் சின்னக் கதவைத் திறந்தாள். அதன் உள்பக்கம் யார் கண்ணிலும் படாது.

வினிகர் தூசியை மட்டும் எடுத்தது. மண்ணெண்ணெயில் குழைத்த பற்பசை மெதுவாக வேலை செய்தது. ரிமூவரோ ஒரே இழுப்பில் பளிச்சென்று ஆக்கியது. "இதுதான்டி!" என்று பானெட்டுக்குப் போனாள்.

பானெட்டில் சிவப்பு சுருண்டு பஞ்சோடு வந்துவிட்டது. உள்ளங்கை அகலத்துக்கு அடிப்பூச்சான பிரைமர் இளித்தது.

அந்தச் சின்னக் கதவு இந்தக் காருடையதே இல்லை. எப்போதோ உடைந்து, மெக்கானிக் வேறு வண்டியிலிருந்து கழற்றி மாட்டியது. அதன் பெயின்ட் வேறு. அண்ணி ஒரு சட்டையின் மடிப்பைச் சோதித்துவிட்டு இன்னொரு சட்டையில் மருந்தை ஊற்றிவிட்டாள்.

* பாதி பாட்டில் இருந்தது. கேட்காமல்தான் எடுத்தாள். கதைக்குத் தேவையில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

3

இங்கே அவள் அழ வேண்டும். கதைகளில் அப்படித்தான். "அவள் கண்களில் துளிர்த்த..." என்று எழுதிவிட்டு, சந்தேகம் வந்து அவளையே கேட்டேன்.

"அப்ப அழுதீங்களா அண்ணி?"

"கை காலியாவா இருந்துச்சு, அழறதுக்கு?"

உண்மைதான். தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு, மண்ணெண்ணெயையும் பற்பசையையும் எடுத்துக்கொண்டு முதல் கதவிலிருந்து தொடங்கினாள். துணி சிவக்கச் சிவக்க அண்ணன் குதித்தான்.

"ஐயோ, இருக்கிற பெயின்டும் போகுது!"

"போறது செத்த பெயின்ட்டுங்க. உயிரோட இருக்கிறது அடியில இருக்கு."

கடைசியாக எண்ணெயை மெல்லிசாகத் தடவித் துடைத்தாள். சாயங்காலம் கார்க் கதவில் எதிர் வீட்டு ஜன்னல் கம்பிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. இவள் என் அண்ணி என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்த வேண்டும் போலிருந்தது. நடுநிலையோடு எழுதுகிறவர்கள் எழுதிக்கொள்ளட்டும், எனக்குப் பெருமை தாங்கவில்லை.

4

பெயின்டர் தெருமுனைக்கு வந்துவிட்டார். என் கையில் இரண்டு முடிவுகள் இருக்கின்றன.

(அ) அண்ணன் கதவில் தன் முகத்தைப் பார்த்து, அவரைத் திருப்பி அனுப்புகிறான்.

(ஆ) அண்ணன் பானெட்டின் காயத்தைப் பார்த்து, சாவியை அவரிடம் கொடுக்கிறான்.

[(இ) பெயின்டரே மனம் உருகி... சீ, இது வேண்டாம்.]

அண்ணி வாங்கிப் படித்தாள்.

"ரெண்டுலயும் உங்க அண்ணன்தான் தீர்ப்பு சொல்றாரா?"

"மூஞ்சி தெரியட்டும்னு அவர்தானே அண்ணி..."

"அவர் எப்ப அப்படிச் சொன்னாரு?"

சொல்லவில்லை. பெயின்டரைக் கூப்பிட்டான், சாம்பல் நல்லது என்றான், அவ்வளவுதான். கதைக்கு ஒரு பிடி வேண்டுமே என்று அந்தப் பந்தயத்தைச் செருகியது நான்.

"வண்டி என்னுது. சிவப்பு என்னுது. பானெட்ல இருக்கிற அந்தக் காயமும் என்னுது. நான் எதுக்கு மார்க் வாங்க நிக்கணும்?"

"சரி அண்ணி. படிக்கிறவங்க கையில விட்டுடறேன்."

"அவங்க மட்டும் யாரு, என் வண்டிக்குக் கலர் சொல்ல?"

ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

5

ஆகவே வாசகரே, அ-வா ஆ-வா என்று உங்களைக் கேட்பதாக இருந்தேன். கேட்கவில்லை. அண்ணன் வாசலில் ஏதோ சொல்ல வாயெடுக்கிறான். அவனுக்காக எழுதி வைத்திருந்த வசனத்தை அடித்துவிட்டேன். பெயின்டர் ஓரமாக ஒதுங்கிவிட்டார். நீங்கள்தான் இன்னும் கேட்டை மறைத்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

கொஞ்சம் தள்ளிக்கொள்ளுங்கள். அண்ணி வண்டியை வெளியே எடுக்கிறாள்.