அரசரின் சிப்பாய் கிளிஃப் பாட்லி

ஏழாவது பொத்தான் கழல மறுத்தது. லோர்னா சவப்பெட்டியின் மேல் குனிந்து, அப்பாவின் மார்பில் முழங்கை படாமல் பார்த்துக்கொண்டு, அந்த ஈயப் பொத்தானை நகத்தால் நெம்பினாள். அப்பாவுக்குச் சிவப்புக் கம்பளி மேலங்கியும் வெள்ளை லேஸ் காலரும் போட்டிருந்தார்கள். உதட்டில் யாரோ லேசாகச் சாயம் பூசிவிட்டிருந்தார்கள். வெடித்த உதட்டுக்கு வாஸ்லின் தடவச் சொன்னாலே முகத்தைச் சுளிக்கிற மனிதர். பவுடரும் மருந்தும் கலந்த வாடை அவள் தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டது.

ஈமச்சடங்கு நிலையத்துக்காரர் ஆட்காக் கதவருகே கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"உங்கம்மாதான்மா இந்த உடுப்பைக் கொண்டாந்து குடுத்தாங்க. அவங்க சொன்னபடிதான் செஞ்சோம்."

"தெரியும்."

"இன்னும் முக்கால் மணி நேரத்துல வண்டி கிளம்பணும்."

"அதுவும் தெரியும். அந்தப் பையை இப்படிக் குடுங்க."

பைக்குள் சாம்பல் நிறச் சூட்டு இருந்தது. லோர்னாவின் கல்யாணத்துக்கு வாங்கியது. அதன்பின் அதை அப்பா வங்கிக்குப் போகும்போதும் சாவு வீடுகளுக்குப் போகும்போதும் போட்டுக்கொள்வார்.

கிளிஃப் பாட்லி இங்கிலாந்தில் நாட்டிங்காம் பக்கத்துச் சின்ன ஊர் ஒன்றில் அடைத்த சாக்கடைகளைத் திறந்துவிடும் வேலை பார்த்தவர். சனி ஞாயிறுகளில் மட்டும் முதலாம் சார்லஸ் அரசரின் படையில் துப்பாக்கிச் சிப்பாய். அந்த அரசரின் தலை போய் முந்நூற்றெழுபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதனாலென்ன? கோடை முழுக்க ஏதாவது இடிந்த கோட்டை வாசலிலோ ஆடு மேயும் வயலிலோ இருநூறு பேர் அரசர் பக்கம், இருநூறு பேர் பாராளுமன்றத்தின் பக்கம் என்று பிரிந்து நின்று பழைய சண்டைகளைக் குண்டில்லாத வேட்டோடு மறுபடி போடுவார்கள். சனங்கள் டிக்கெட் வாங்கி, ஐஸ்கிரீம் சாப்பிட்டபடி பார்ப்பார்கள். அந்தக் காலத்தில் இல்லாததால் கைக்கடிகாரம் கூடாது. மூக்குக்கண்ணாடி கூடாது. அப்பா நாற்பது வருடமும் எதிரில் நிற்பது யார் என்று சரியாகத் தெரியாமலேயே சுட்டார்.

அப்பா இருந்த பிரிவுக்குத் தலைவர் ஜெரால்ட் விட்டேக்கர், ஓய்வுபெற்ற பல் டாக்டர். பள்ளிக்கூடங்களுக்குப் போய் அந்தக் காலத்துப் படுகாயங்களைப் பற்றிப் பேசுவது அவருக்குப் பிடித்தமான வேலை. எலும்பறுக்கும் ரம்பத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, அழுகிய கால் எப்படி நாறும், வயிற்றுக்கடுப்பு வந்தவனின் கூடாரம் எப்படி நாறும் என்று அவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்கும். சின்ன வயதில் லோர்னாவும் அப்படிக் கேட்டவள்தான்.

அப்பா குடல் புற்றுநோயில் பதினொரு வாரம் கிடந்தார். வீடு நாறியது. அதை வேறு நாகரிகமான சொல்லால் சொல்ல லோர்னாவுக்கு இஷ்டமில்லை. வயிற்றோடு பொருத்திய மலப்பையை மாற்றியதும் துடைத்ததும் விரிப்பைத் துவைத்ததும் அவளும் அம்மாவும்தான். "ஜெரால்ட் வந்தானா?" என்று தினம் ஒரு தடவையாவது அப்பா கேட்பார்.

ஒரு வியாழக்கிழமை ஜெரால்ட் வந்தார். கீழே அவர் குரல் கேட்டதும் அப்பா சீப்பைக் கேட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைக்கச் சொன்னார். தலையணையை முட்டுக் கொடுத்து அவரை உட்கார வைத்துவிட்டு லோர்னா கீழே ஓடினாள். ஜெரால்ட் கூடத்தோடு நின்றுவிட்டிருந்தார். கைக்குட்டை மூக்கின்மேல் இருந்தது.

"தூங்கட்டும் கண்ணு, தொந்தரவு பண்ண வேணாம்."

"தூங்கல அங்கிள். உக்காந்திருக்கார். உங்களுக்காகத்தான்."

"வண்டியை ரோட்டோரமா நிறுத்திட்டு வந்திருக்கேன். ஞாயித்துக்கெழம வர்றேன், என்ன?"

அவர் வரவில்லை. பிரிவின் முத்திரை போட்ட அட்டை ஒன்று வந்தது. எல்லாரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

அந்த வியாழக்கிழமை அப்பா சீவிய தலையோடு இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார். பிறகு படுக்க வைக்கச் சொன்னார்.

"லோர்னா, அந்த உடுப்பு எனக்கு வேணாம். போகும்போது சாம்பல் சூட்டு போதும்."

"சரிப்பா."

"வாக்கா?"

"வாக்குப்பா."

இதை அம்மாவிடம் அன்றே சொன்னாள். அம்மா மறுக்காமல் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தாள். சரி என்றுதான் லோர்னா எடுத்துக்கொண்டாள். இன்று காலை சூட்டோடு இங்கே வந்தபோதுதான் அம்மா முந்திக்கொண்டது தெரிந்தது.

கடைசிப் பொத்தானும் கழன்றது. தோளைத் தூக்கிக் கையை உருவுவதற்காக லோர்னா அப்பாவின் முதுகுக்கடியில் கையைக் கொடுத்தாள். கம்பளி தட்டுப்படவில்லை. மெல்லிய சட்டைதான் தட்டுப்பட்டது, அதற்குக் கீழே குளிர்ந்த முதுகு. கையை மேலும் கீழும் நகர்த்தினாள். காலரிலிருந்து அடி விளிம்பு வரை மேலங்கியை நேராகக் கத்தரித்திருந்தார்கள். இரண்டு பாதியையும் பக்கத்துக்கு ஒன்றாகச் செருகியிருந்தார்கள்.

"இது என்ன?"

ஆட்காக் தரையைப் பார்த்தார். "கை மடங்காதும்மா. எல்லாருக்கும் இப்படித்தான். பின்பக்கம் கத்தரிச்சுத்தான் போடுவோம். முன்னாடி பாத்தா தெரியாது."

"எங்கம்மாகிட்ட சொன்னீங்களா?"

"இதெல்லாம் யார்கிட்டயும் சொல்றதில்ல."

அந்த மேலங்கியை அம்மா ஒரு பனிக்காலம் முழுக்க உட்கார்ந்து தைத்தாள். இயந்திரத் தையல் கண்ணில் பட்டால் களத்துக்குள் விடமாட்டார்கள் என்பதால் மெழுகு தடவிய நூலால், கையால். முதல் அணிவகுப்பில் ஜெரால்ட் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சீரா இருக்கே, மிஷின் மாதிரில்ல தெரியுது" என்றார். அம்மா வாக்குவாதம் பண்ணவில்லை. வீட்டுக்கு வந்து மேலங்கியின் இரண்டு கைகளையும் பிரித்து, கொஞ்சம் கோணலாகத் திரும்பத் தைத்தாள். லோர்னாவுக்கு அப்போது ஒன்பது வயது. அம்மாவின் விரல்நுனிகள் தடித்துப்போனதைப் பார்த்திருக்கிறாள். இப்போது கத்தரித்த விளிம்பை அவள் விரலால் தடவிப் பார்த்தாள்.

"கழட்டாதே."

அம்மா வாசலில் நின்றாள். கறுப்புக் கோட்டு, தோளில் கைப்பை. ஆட்காக் நல்லவேளையாக வெளியே போய்விட்டார்.

"அப்பா வேணாம்னார்மா. வாக்குக் குடுத்திருக்கேன்."

"என்கிட்டயும்தான் சொன்னார்."

"அப்புறம் ஏன் இதைக் கொண்டாந்து குடுத்தே?"

"அவர் அதை ஜெரால்டோட உடுப்புன்னு நெனச்சுட்டார். நீயும் அப்படித்தான் நெனக்கிறே." அம்மா நோரீன் பாட்லி சத்தம் போட்டுப் பேசிப் பழக்கமில்லாதவள். இப்போதும் சத்தம் இல்லை. "அவன்மேல கோவம்னா அவனைத் தூக்கிப் போடட்டும். இதை எதுக்கு? நாப்பது வருஷம் ஈரப் புல்லுல கூடாரம் போட்டுப் படுத்தேன். யாராவது என்னை ஒரு போட்டோ எடுத்தானா? அவர் படையில இருந்தார். நான் எங்க இருந்தேன்? இந்தத் தையல்லதான் இருந்தேன்."

லோர்னாவின் கை இன்னும் அந்தக் கிழிசலுக்குள்தான் இருந்தது. அம்மா பக்கத்தில் வந்து காலரை நேராக்கினாள். உதட்டுச் சாயத்தைப் பார்த்தாள். கைக்குட்டையை எச்சிலில் நனைத்து, குழந்தைக்குத் துடைப்பது மாதிரி அதைத் துடைத்தாள்.

"முதுகுப் பக்கம் போன வருஷம் ஒரு ஒட்டு வெச்சேன். துணி கொஞ்சம் நைஞ்சு போயிருந்துச்சு. நிக்குதா பாரு."

"நல்லா நிக்குதும்மா."

"தையல் விடல?"

"விடலம்மா. கெட்டியா இருக்கு."

கையை வெளியே எடுத்து, பொத்தான்களைக் கீழிருந்து மேலாகத் திரும்பப் போட்டாள். அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு போயிற்று. அம்மாவிடம் சொன்னது பொய். இரண்டையும் ஒரே காலை நேரத்தில் செய்துமுடித்த தன் கைகளைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. சாம்பல் சூட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

தேவாலயத்து வாசலில் முப்பது பேர் அரசர் படை உடுப்பில் இரண்டு வரிசையாக நின்றார்கள். பாதிப் பேருக்குப் பொத்தானை மீறிய தொந்தி. லோர்னா நேர்ப்பார்வை பார்த்துக்கொண்டு நடந்தாள். உள்ளே ஜெரால்ட் இறகு வைத்த தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேடை ஏறினார். நேஸ்பி சண்டைக்களத்தில் கிளிஃப் எத்தனை தடவை செத்தான் என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒரு சிப்பாயை நாங்க கைவிடறதில்ல. கடைசி வரைக்கும் அவன் பக்கத்துலயே இருந்தோம்."

லோர்னா வாயைப் பொத்திக்கொண்டாள். பின்வரிசையில் இருந்த பெண்மணி அவள் அழுகிறாள் என்று நினைத்து ஒரு டிஷ்யூ கொடுத்தாள். வாந்தி வருகிறது என்று யாரிடம் சொல்ல முடியும்? பக்கத்தில் அம்மா பாட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு ஜெரால்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். 

கல்லறைத் தோட்டத்தில் குழியைச் சுற்றிப் பச்சைப் பிளாஸ்டிக் புல்பாய் விரித்திருந்தார்கள். பெட்டியை இறக்கியதும் சிப்பாய்கள் வேலியோரமாக வரிசை கட்டி, வெடிமருந்து கெட்டித்து, வானத்தைப் பார்த்து மூன்று தடவை சுட்டார்கள். மரத்திலிருந்த காக்கைகள் மொத்தமாகக் கிளம்பின. வெண்புகை கல்லறைகளின் மேலாக நகர்ந்து வந்தது. அழுகின முட்டை வாடை. சிலர் இருமினார்கள்.

புகை கலையும்போது ஜெரால்ட் வாளை உயர்த்தினார். நாற்பது வருடமாக, கடைசி வேட்டு ஓய்ந்ததும் செய்கிறபடியே.

"மாண்டவர்கள் எழலாம்."

நல்ல கணீர்க் குரல். ஒவ்வொரு சண்டையின் முடிவிலும் அந்தக் குரலுக்குத்தான் செத்துக் கிடந்தவர்கள் புல்லைத் தட்டிக்கொண்டு எழுந்திருப்பார்கள், சனங்கள் கைதட்டுவார்கள். இங்கே யாரும் கைதட்டவில்லை. வாள் மேலேயே நின்றது. தான் சொன்னது ஜெரால்டின் காதில் அப்போதுதான் விழுந்திருக்க வேண்டும், முகம் வெளிறிப்போயிற்று. பாதிரியார் புத்தகத்தில் பக்கத்தைத் தேடினார். சிப்பாய்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

லோர்னாவின் பக்கத்தில் அம்மா அசைந்தாள். சண்டை நாட்களில் அந்தக் குரலுக்குக் காத்திருந்து களத்துக்குள் ஓடுகிறவர்கள் படையின் பெண்கள், தோல் குடுவையில் தண்ணீரோடு. அப்பா எந்த மேட்டில், எந்தப் பள்ளத்தில் விழுந்தார் என்று வெளியே நின்றபடி அம்மா குறித்து வைத்துக்கொள்வாள். மற்றவர்கள் தேடிக்கொண்டிருக்கும்போதே அவள் அப்பா பக்கத்தில் இருப்பாள். இப்போது கைப்பையை வலது தோளிலிருந்து இடது தோளுக்கு மாற்றினாள். பாவாடையை ஒரு கையால் கொஞ்சம் தூக்கிப் பிடித்தாள். குழியைப் பார்த்து ஓரடி எடுத்து வைத்தாள்.

லோர்னா அவள் முழங்கையைப் பிடித்தாள்.

அம்மா நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. அவளுடைய இடது கால் புல்பாயின்மேல் இருந்தது, வலது கால் வெளியே சேற்றில் இருந்தது. பாதிரியார் பக்கத்தைக் கண்டுபிடித்து வாசிக்கத் தொடங்கினார். முழங்கையை விடாமல் லோர்னாவும் அப்படியே நின்றாள்.