பாமா கேட்ட ஆட்டோ

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் வந்தது. மராத்தி ஊரான இந்த வாகட்டில் எங்கள் எதிர்ஃபிளாட் பாமா சர்க்கரை கேட்டு வரும் சாக்கில் வந்து உட்கார்ந்தாள், அழுதாள், கடைசியில் கேட்டாள்: "அக்கா, நீங்க கதை எழுதறவங்கதானே? இத எழுதுங்க. முடிவ மட்டும் மாத்திடுங்க." சர்க்கரையை மறந்துவிட்டுப் போய்விட்டாள்.

2

முதல் தொடக்கம்: "கொட்டும் மழையில் அந்த வண்டி..."

அடித்துவிட்டேன். அன்று காலை ஒரு தூறல்கூட இல்லை. மழை, பாமாவின் கணவர் சுப்ரமணியன் லிஃப்டில் என்னை மடக்கிக் கேட்டது. "மேடம், செம்ம பாரிஷ், பேய் மழைன்னு போட்டுடுங்க. கொஞ்சம் கௌரவமா இருக்கும்."

இரண்டாவது தொடக்கம்: "சுப்ரமணியன் நல்ல மனிதர்தான். ஆனால்..."

அந்த 'ஆனால்'-க்குப் பிறகு வந்ததெல்லாம் வசவு. கிழித்துப் போட்டேன்.

3

சரி, நடந்ததைச் சொல்லித் தொலைக்கிறேன்.

நாலு சக்கரமும் இழுக்கிற பிக்கப் டிரக் ஒன்றை வாங்கினார் சுப்ரமணியன். லேப்டாப்பைத் தவிர எதையும் தூக்காத மனிதருக்கு அது எதற்கு என்று கேட்காதீர்கள். பார்க்கிறவன் வாயைப் பிளக்க வேண்டுமென்று, வண்டியோடு வந்த டயர்களைக் கழற்றிவிட்டு இன்னும் பெரிதாக நான்கு மாட்டினார். அந்த அளவில் ஐந்தாவது டயர் வண்டிக்கு அடியில் நுழையவில்லை. பழைய சின்ன டயரே ஸ்டெப்னியாகக் கிடந்தது.

(ஸ்டெப்னி என்றதும் சிலருக்குக் கோணல் சிரிப்பு வருவது தெரிகிறது. அந்தக் கதை இல்லை, உட்காருங்கள்.)

அவர்கள் ஒரே மகள் ப்ரீதி, கடக்வாஸ்லா ராணுவ அகாடமியில் பயிற்சி முடித்து அணிவகுக்கும் நாள். போகிற வழியில் வார்ஜே தாண்டும்போது பின்டயர் வெடித்தது. முந்தின நாள் மழையில் ஊறிய ஓரத்துச் சேற்றில் நிறுத்திச் சின்ன டயரை மாட்டினார். சேற்றிலிருந்து வெளியே வர நாலு சக்கர லீவரைப் போட்டார். தார் ரோட்டுக்கு வந்த பிறகும் அதை எடுக்கவில்லை.

"ஏங்க, அதோ ஆட்டோ நிக்குது. வண்டிய விட்டுட்டுப் போயிடலாம்."

"அரே, சும்மா இரு பாமா. என் பொண்ணு வெளிய வந்ததும் இந்த வண்டியத்தான் பாக்கணும். நாலு வீல்லயும் போட்டாச்சு, இனி யானை மாதிரி போகும்."

(நாலு சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டினால் முன்னும் பின்னும் ஒரே கணக்கில் சுற்றியாக வேண்டும். சின்னச் சக்கரமோ கூடுதலாகச் சுற்றினால்தான் மற்றவற்றோடு ஓட முடியும். சேற்றில் வழுக்கித் தப்பிக்கும். காய்ந்த தாரில் வழியில்லை, எங்காவது உடையும். இதைத் தாம்பத்தியத்துக்கு உவமையாக்கச் சொல்லிக் கை பரபரத்தது. மாட்டேன். டயர் டயர்தான்.)

வண்டி முறுக்கிக்கொண்டு முனகியது. அடியில் டமாரென்று ஒரு சத்தம். சக்கரங்கள் இறுகி, வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது. பின்னால் ஒரு மைலுக்கு வண்டிகள், ஹாரன், மராத்தியில் வண்டை வண்டையாகத் திட்டு. அந்த நெரிசலில் எந்த ஆட்டோவும் நகரவில்லை. அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மைதானத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

4

ப்ரீதி சண்டை போடவில்லை. "இட்ஸ் ஓகேப்பா" என்றாளாம். ஒரே ஒரு போட்டோவை அனுப்பினாள். அணிவகுப்பு முடிந்து, பெற்றவர்கள் பிள்ளைகளைக் கட்டிக்கொள்ளும் நேரத்தில் எடுத்தது. சீருடையில் ப்ரீதி அழுகிறாள். அவள் கன்னங்களை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டிருப்பது தோழியின் அம்மா, நாக்பூர்க்காரி.

"எங்கிட்ட அவ அழுததே இல்லக்கா" என்றாள் பாமா.

5

பாமா கேட்ட முடிவு: அவள் கதவைத் திறந்து இறங்குகிறாள். அவர் கத்துகிறார். திரும்பிப் பார்க்காமல் ஆட்டோவில் ஏறுகிறாள். மைதானத்தில் ப்ரீதி, "அம்மா" என்று

இதற்கு மேல் ஓடவில்லை.

நேற்று பாமா வந்தாள். "ஆட்டோல ஏத்திட்டீங்களா அக்கா?"

"ஏத்தினா, அந்த நாக்பூர் அம்மாவ எங்க இறக்கிவிடறது பாமா?"

வெடுக்கென்று எழுந்து போய்விட்டாள். போகட்டும். அவருக்கு மழை வேண்டும், இவளுக்கு ஆட்டோ வேண்டும். என்னிடம் எதுவும் கேட்காதவள் ப்ரீதி ஒருத்திதான். கூட்டத்தில் முகம் முகமாகத் தேடிவிட்டு யாரோ ஒருத்தி கையில் அழுதவள் அவள். அதை அழிக்க என் கைக்கு மனசு வரவில்லை.

உங்களுக்கு மனசு கேட்கவில்லையென்றால் நீங்களே பாமாவை ஏற்றிவிடுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன். ஆனால் ப்ரீதியிடம் போய், "அன்னிக்கு உங்கம்மா வந்திருந்தாங்க" என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.