தசரதன் ஏறினால் மட்டும்

பதினொன்று பத்துக்கு ஜெரூஷா ஸ்கூட்டியை நிறுத்தியபோது பொக்லைன் ஓடவில்லை. பள்ளத்தின் ஓரம் கையை மடக்கிக்கொண்டு சும்மா நின்றிருந்தது.

ஊரப்பாக்கத்தில் மழைநீர்க் கால்வாய் வேலை. தெருவில் பாதியை வெட்டிப் போட்டிருந்தார்கள். மீதிப் பாதியில் ஒரு ஷேர் ஆட்டோவும் ஒரு தண்ணீர் லாரியும் யார் முதலில் போவது என்று ஹாரனில் பேசிக்கொண்டிருந்தன.

"மேடம், ஸ்ட்ரெய்ட்டா சொல்லிடறேன்." சைட் சூப்பர்வைசர் ஹேமநாத்துக்கு இருபத்தெட்டு வயதிருக்கும். ஹெல்மெட்டுக்குள் வியர்த்திருந்தான். "மெஷின்ல பிராப்ளம் இல்ல. டிரைவர்கிட்டதான் பிராப்ளம். மூணு மணிக்கு வேற டிரைவர் வர்றார். மெஷின் ஓகேன்னு நீங்க எழுதிக் கொடுத்தா, இவரை அனுப்பிடுவேன்."

'இவர்' பத்தடி தள்ளி நின்றிருந்தார். தசரதன். கோவளம் பக்கத்து மீன்பிடிக் குடும்பம். இவர் மட்டும் படகை விட்டுவிட்டுப் பொக்லைன் ஏறியவர். நல்ல உயரம். ஹேமநாத் சொன்னது காதில் விழுந்தும் விழாதது போல முகத்தை வைத்திருந்தார்.

"என்ன நடந்துச்சு?" என்றாள் ஜெரூஷா. தாம்பரம் சர்வீஸ் சென்டரில் அவளுக்கு இது ஆறாவது வருடம். பழுது கண்டுபிடிப்பது மட்டுமே அவள் வேலை.

"போன வெள்ளிக்கிழமை சிமெண்ட் பைப்பை இறக்கறார். இன்ஜின் வேகம் திடீர்னு விழுந்து, திடீர்னு ஏறுது. பைப் ஒரு ஆட்டம் ஆடுச்சு. கீழ பொன்னுசாமின்னு ஒருத்தர். குதிச்சதால கால் தப்பிச்சுது. வேற யார் ஓட்டினாலும் மெஷின் நல்லா ஓடுது மேடம். இவர் ஏறினா மட்டும்தான் இப்படி. இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கற டயலைத் திருகிட்டே இருக்கார்."

ஹேமநாத் புகார்த் தாளை நீட்டினான். 'பிரீதிங் பிராப்ளம்' என்று எழுதியிருந்தது. அதைப் படித்துவிட்டு சர்வீஸ் சென்டர் மூன்று முறை ஏர் ஃபில்டரை மாற்றியிருந்தது.

ஜெரூஷா நேராகத் தசரதனிடம் போனாள்.

"அண்ணா, நீங்க சொல்லுங்க."

"ஒரு மாசமா சொல்லிகினுதான் கீறேன் மேடம். வண்டி மூச்சு வாங்குது."

"எப்படி?"

தசரதன் கூச்சத்தோடு ஹேமநாத்தைப் பார்த்துவிட்டு, வாயைக் குவித்தார். "ஊஊம்... உம்... ஊஊம்... உம். போட்டுல மோட்டார் இப்டித்தான் வாங்கும். ஒரு நெலையா நிக்காது. ஏறும், எறங்கும்."

"கருப்புப் புகை?"

"கெடையாது."

"லோடு தூக்கும்போது திணறுதா?"

"சும்மா நிக்கசொல்லவே வருது மேடம்."

ஜெரூஷா திரும்பினாள். "சார், 'பிரீதிங் பிராப்ளம்'னு எழுதினது நீங்களா?"

"அவர் மூச்சுன்னுதானே சொன்னார்?"

"இவர் சொன்னது வேகம் ஏறி இறங்குதுன்னு. நீங்க எழுதினது காத்து போகலைன்னு. நாங்களும் ஒரு மாசம் தப்பான பக்கத்துல தேடியிருக்கோம்."

ஹேமநாத் ஹெல்மெட்டைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டான்.

கேபினுக்குள் ஏறி லேப்டாப்பை இணைத்தாள். திரையில் இரண்டு எண்களை மட்டும் பெரிதாக வைத்தாள்.

"சார், இங்க பாருங்க. மேல இருக்கறது, டயல் இன்ஜின்கிட்ட கேக்கற வேகம். கீழ இருக்கறது, இன்ஜின் கொடுக்கற வேகம். மேல நம்பர் அசையாம இருந்து கீழது மட்டும் ஆடினா, இன்ஜின்ல கோளாறு. மேல நம்பரே ஆடினா, டயல் பக்கம்."

"அதாவது டிரைவர் பக்கம்."

"டயல் பக்கம்னு சொன்னேன்."

அவளே சீட்டில் உட்கார்ந்து இன்ஜினைக் கிளப்பினாள். டயலை 1800-க்கு வைத்தாள். மேலே 1800. கீழே 1800. கையைத் தூக்கினாள், மடக்கினாள், இடமும் வலமும் சுற்றினாள். நாற்பது நிமிடம். இரண்டு எண்களும் கல்லில் வெட்டியது போல நின்றன.

ஹேமநாத் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"அண்ணா, நீங்க ஏறுங்க."

தசரதன் ஏறினார். கேபின் ஒரு கணம் சின்னதாகிப் போனது. சீட்டைச் சரிசெய்துகொண்டு லீவரைப் பிடித்தார். இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. மேலே, டயல் கேட்கும் எண் 1800-லிருந்து 1390-க்கு விழுந்தது. இன்ஜினும் கூடவே விழுந்தது. மறுபடி ஏறியது. மறுபடி விழுந்தது.

ஊஊம். உம்.

"பாத்தீங்களா மேடம்?" என்றான் ஹேமநாத், கேபின் படியில் நின்றபடி.

"அண்ணா, ரெண்டு கையையும் தலைமேல வைங்க."

"இன்னா மேடம், போலீஸ் மாறி சொல்றீங்கோ." வைத்தார்.

எண் விழுந்தது. யாருடைய விரலும் டயலுக்கு அருகில் இல்லை.

"முட்டி இடிக்குதோ?" என்றான் ஹேமநாத்.

"டயல் அங்க கீது சார். எம் முட்டி இங்க கீது. நடுவுல ஒரு மொழம் கீது."

ஜெரூஷா சிரிக்கவில்லை. தசரதனின் கை காரணம் இல்லை என்பது நிரூபணமாகிவிட்டது. ஆனால் அது போதாது. இந்த மனிதர் ஏறினால் மட்டும் ஏன்? அந்தக் கேள்விக்குப் பதில் எழுதாமல் ரிப்போர்ட் கொடுத்தால், மூன்று மணிக்கு இவர் வீட்டுக்குத்தான் போவார்.

"செல்போனைக் குடுங்க அண்ணா." வாங்கி வெளியே வைத்தாள். எண் விழுந்தது. வாட்டர் பாட்டில், சாப்பாட்டுப் பை, இடுப்புச் சாவிக்கொத்து எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே போயின. எண் விழுந்துகொண்டே இருந்தது.

"சட்டை ஒண்ணுதான் பாக்கி," என்றார் தசரதன்.

"இறங்குங்க. இன்னொரு தடவை நான் உக்கார்றேன்."

உட்கார்ந்தாள். கால் பெடலுக்கு எட்டவில்லை. சீட்டுக்கு அடியில் இருந்த பிடியை இழுத்து முன்னால் நகர்த்தினாள். எண் 1800-ல் போய் நின்றுகொண்டது.

அவள் கை அந்தப் பிடியிலேயே இருந்தது.

"சார், போன வாரம் ஓட்டிப் பாத்தவங்க எவ்வளவு உயரம்?"

"என்ன மேடம்? நம்ம ஹைட்தான் இருப்பாங்க. ஏன்?"

ஜெரூஷா கீழே இறங்கினாள். வெளியில் நின்றபடியே கையை நீட்டி, ஆள் இல்லாத சீட்டைக் கடைசி வரை பின்னால் தள்ளினாள்.

1390.

முன்னால் இழுத்தாள். 1800.

"நீங்களே தள்ளிப் பாருங்க," என்றாள்.

ஹேமநாத் தள்ளினான். இழுத்தான். இன்னொரு முறை தள்ளினான். இன்ஜின் அவன் கைக்குப் பதில் சொல்வது போல இறங்கி ஏறியது. பிறகு சீட்டிலிருந்து கையை எடுத்துப் பேண்டில் துடைத்துக்கொண்டான்.

இன்ஜினை அணைத்துவிட்டு சீட்டைத் தூக்கினார்கள். டயலிலிருந்து வரும் வயர்க் கட்டு தரையோடு போக வேண்டியது. அதைப் பிடித்து வைக்கும் கிளிப்பைக் காணோம். சீட் பின்னால் போகும்போதெல்லாம் அது நகரும் தண்டவாளக் கம்பியில் நசுங்கி, ஒரு வயரின் மேலுறை தேய்ந்து செம்பு தெரிந்தது. அந்தச் செம்பு, இரும்புக் கம்பியைத் தொடும்போது டயலின் பேச்சு பாதியில் அறுந்துபோகிறது. இன்ஜினுக்குக் காதில் விழுவது 1390.

"உயரமா பொறந்தது தப்பாப் பூடுச்சு," என்றார் தசரதன்.

ஜெரூஷா அந்தத் துண்டை வெட்டி, புது வயர் இணைத்து, உறை மாட்டி, இரண்டு கிளிப் போட்டுத் தரையோடு இறுக்கினாள். சீட்டைக் கடைசி வரை தள்ளித் தசரதனை உட்காரவைத்தாள். அரை மணி நேரம் காலிப் பக்கெட்டோடு ஓட்டினார். மேலே 1800. கீழே 1800.

இரண்டு இருபது. பொக்லைனின் இரும்புப் பட்டைமேல் தாளை வைத்து ரிப்போர்ட் எழுதினாள். சீட்டுக்கு அடியில் வயர் நசுங்கியது. சரிசெய்யப்பட்டது. ஆபரேட்டர் மீது தவறு இல்லை.

தசரதன் குனிந்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கவா?"

"கேளுங்க அண்ணா."

"வெள்ளிக்கெழம எனக்குக் குடுத்த மெமோல கோ. தசரதன்னு பேரு போட்டுக் கீது. இதுல வெறும் ஆபரேட்டர்னு கீது."

ஜெரூஷா ஹேமநாத்தைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். 'ஆபரேட்டர்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'கோ. தசரதன்' என்று சேர்த்து எழுதி, பேனாவை ஹேமநாத்திடம் நீட்டினாள்.

அவன் கையெழுத்துப் போட்டான். பிறகு ஓரமாகப் போய்ப் போன் அடித்தான். "அண்ணா, எங்க வந்துட்டீங்க? வண்டலூரா? இல்ல, வேணாம். இங்க டிரைவர் இருக்கார்."

திரும்பி வந்து, எங்கே நிற்பது என்று தெரியாதவன் போல நின்றான்.

"சாப்டீங்களா?" என்றான் தசரதனிடம்.

"இல்ல சார். எம் பைய மேடம் வெளிய எடுத்துப் போட்டாங்கோ."

"முதல்ல சாப்டுங்க. பைப்பை அப்புறம் இறக்கலாம்."

"சரி," என்ற தசரதன், ஒரு நொடி கழித்து, "நீங்களும் வாங்க சார். நண்டு கீது," என்றார்.