இடது பெடல்

"சைக்கிளைக் கடையில வாங்கினா ஓட்டிப் பாத்து வாங்கலாம்ங்க. அவங்களே பூட்டியும் தருவாங்க," என்று தேவிகா போன வாரம் கணவன் ராஜகுருவிடம் சொல்லியிருந்தாள்.

"நெட்ல ஐந்நூறு ரூபா கம்மி. வீட்டுக்கே வந்துரும். நீ கடையில போய் நின்னு எவன்கிட்டயும் பல்லைக் காட்ட வேணாம்ல?"

அவனுக்கு அந்த மூன்றாவது லாபம்தான் பெரிதாகப் பட்டது. பள்ளிக்கூட வேலைக்குப் போய்வர ஒரு சைக்கிள் கிடைத்தால் போதும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

இன்று காலை அட்டைப்பெட்டி வந்தது. பெடல், ஹேண்டில்பார் எல்லாம் தனித்தனியாக இருந்தன. வலது பெடல் சுலபமாக ஏறியது. இடது பெடலையும் அதே பக்கமாகத் திருகிய ராஜகுரு, ஏறவில்லை என்றதும் ஸ்பேனரால் முழு பலத்தோடு முறுக்கினான். மரை நறநறவென்று தேய்ந்தது.

"இடது பெடலை எதிர்ப்பக்கமா திருகணும்ங்க. எங்க அண்ணன் சொல்லிருக்கு."

"எனக்கே பாடம் எடுக்கிறியா டீச்சரம்மா?"

ஸ்பேனர் அவள் வலது முன்கையில் இறங்கியது. இரண்டாவது அடியில் வளையல்கள் நொறுங்கின. முடியைப் பிடித்து அவளைச் சுவரில் மோதினான். கீழே விழுந்தவளின் மேல் சைக்கிளையும் எட்டி உதைத்துத் தள்ளினான்.

"இனி வேலைக்கும் போக வேணாம்," என்று கத்திவிட்டுத் தெருவில் இறங்கிப் போனான்.

வாடிப்பட்டியில் இருக்கும் அண்ணன் கார்த்திகேஷின் எண்ணைத் தேவிகா இடது கையால் அழுத்தினாள்.

"என்னம்மா, சைக்கிள் வந்துருச்சா? ஒரு ரவுண்டு போனியா?"

ஆறு வருடமாக அவனிடம், "நல்லா இருக்கேன்ணே" என்று மட்டுமே சொல்லிவந்தவள் உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணே, என்னைய வந்து கூட்டிட்டுப் போ."