ப்ளோயர் ஓயும் இடைவெளி

இந்தக் கதை என் ஆள்காட்டி விரலிலிருந்து வந்தது. ப்ளோயரால் காற்றடிக்கும்போது கம்ப்யூட்டர் விசிறியின் இறக்கையை அந்த விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். விட்டால் விர்ரென்று சுற்றும், கேட்கச் சுகமாக இருக்கும், பேரிங் போய்விடும். இருபது வருடம் கம்ப்யூட்டர்களுக்குத் தூசி தட்டியவன் சொல்கிறேன், நம்பலாம்.

1

'அறையெங்கும் தூசி படிந்திருந்த ஒரு மாலை...'

அடித்துவிட்டேன். தூசிக்குக் காலையென்ன, மாலையென்ன.

கதையில் வருகிறவரும் என் தொழில்காரர்தான். மனைவிக்கு மூச்சுக் கோளாறு. மூக்கில் குழாய், கட்டிலோரம் ஆக்சிஜன் மெஷின். உள்விசிறியில் தூசி அடைத்து, அது சூடேறிக் கத்தத் தொடங்கியது.

"ஊர் மெஷினையெல்லாம் துடைக்கிறீங்க. நம்ம வீட்டு மெஷின் கம்பளி போத்திக்கிட்டுக் கிடக்கு" என்றாள்.

கைவசம் ஒரு சின்ன சிலிண்டர். அரைமணி நேரம் தாங்கும்.

2

[முதல் வரைவில், மெஷினை நிறுத்தாமலே பிரஷ்ஷை உள்ளே விட்டார். இறக்கை உடைந்தது. கிழித்துப் போட்டேன். அது அவர் செய்கிற வேலை இல்லை. என் பயம் செய்த வேலை.]

குழாயைச் சிலிண்டருக்கு மாற்றினார். பிளக்கைப் பிடுங்கினார். தூசி அவள் மூச்சில் ஏறிவிடக் கூடாதென்று மெஷினை வராந்தாவுக்குத் தூக்கிப்போனார்.

"கதவைச் சாத்திடுவேன். ப்ளோயர் சத்தத்துல நீ கூப்பிட்டாலும் கேக்காது. நான் நிறுத்துறப்பெல்லாம் டம்ளர்ல ஸ்பூனால ஒரு தட்டுத் தட்டு."

"மகாராணி மணியடிக்கணும், அவ்வளவுதானே?"

3

மூடியைக் கழற்றினார். இறக்கையில் விரல். ஓர் அடி; நிறுத்தினார். டிங். இன்னோர் அடி. டிங். விட்டுவிட்டு அடிப்பது விசிறிக்கு நல்லது. அவருக்கோ அந்த இடைவெளிதான் வேண்டியிருந்தது.

நான்காவது தடவை டிங் இல்லை.

அவர் கதவை (இங்கே ஒரு பக்கம் எழுதி அடித்தேன்)

கதவைத் திறந்தார். தூசிச் சட்டையை வாசலிலேயே கழற்றி எறிந்துவிட்டு உள்ளே ஓடினார். சட்டையை நான் யோசிக்கவே இல்லை, அவராகச் செய்தது.

ஸ்பூன் தரையில் கிடந்தது. அதை எடுக்க முடியாமல் அவள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கை நழுவிடுச்சு. அதுக்கு ஏன் மூஞ்சி வெளுத்துப் போய் நிக்கிறீங்க? எடுத்துக் குடுத்துட்டு, போய் மிச்சத்தை முடிங்க."

4

மெஷின் மறுபடி கட்டிலோரம். பிளக் மாட்டியாயிற்று. சிலிண்டரின் முள் சிவப்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.

"தள்ளுங்க, நான் போடறேன்."

அவள் விரல் ஸ்விட்சில் இருக்கிறது. 'ஓடியது' என்று எழுத நாலே எழுத்து; எனக்கு அந்த நாலும் தெரியும். எழுதமாட்டேன். விரலால் பிடித்துத் துடைத்த விசிறி அது. கொஞ்சம் பேசாமல் இருங்கள். காதுகொடுத்து நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.