மாடி ஃபோல்டர் திறக்கவில்லை

சௌந்தர்யாவுக்கு ஏழாம் மாதம் தொடங்கியதும், இனிப் படி ஏறி இறங்கவே கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். குமாரபாளையத்தில் அவர்களுடையது மாடி வீடு. கீழே மூத்தார் அர்த்தநாரியும் அவர் மனைவி, ஓரகத்தி சாரதாமணியும் இருந்தார்கள். மேலே சௌந்தர்யாவும் அவள் கணவன் வேல்முருகனும். வீட்டுக்குப் பின்னாலேயே தறிப்பட்டறை.

பெட்ஷீட் டிசைன்களை சௌந்தர்யா மாடியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வரைவாள். கீழே முன்னறையில் இருக்கும் இன்னொரு கம்ப்யூட்டரில் சாரதாமணி அவற்றைத் தறிக்கு ஏற்ற ஃபைலாக மாற்றிப் பட்டறைக்குக் கொடுப்பாள். முன்பெல்லாம் சௌந்தர்யாவே பென் டிரைவோடு இறங்கி வருவாள். இப்போது அது முடியாது. சாரதாமணிக்கோ நாற்பத்தாறு வயதிலேயே இடது முழங்கால் பிடித்துக்கொள்கிறது. அதனால் வேல்முருகன், சௌந்தர்யாவின் கம்ப்யூட்டரில் இருந்த டிசைன் ஃபோல்டரைக் கீழேயிருந்தும் திறக்கும்படி ஷேர் செய்து வைத்தான். மேலே சேவ் செய்தால் கீழே எடுத்துக்கொள்ளலாம். மூன்று வாரம் நன்றாகத்தான் போனது.

திங்கட்கிழமை காலையில் கீழே ஃபோல்டர் திறக்கவில்லை.

அன்று சௌந்தர்யா டிசைனை மெயிலில் அனுப்பினாள். மறுநாள் திருத்தி இன்னொன்று அனுப்பினாள். இரண்டு ஃபைலுக்கும் ஏறக்குறைய ஒரே பெயர். சாரதாமணி பழையதை எடுத்துவிட்டாள். பார்டரில் ஒன்றையொன்று பார்த்து நிற்க வேண்டிய கிளிகள் முதுகைக் காட்டி நின்றன. ஒன்றரை பெட்ஷீட் ஓடிய பிறகுதான் அர்த்தநாரி கவனித்துத் தறியை நிறுத்தினார்.

"கிளி ரெண்டும் கோவிச்சுக்கிட்டாப்ல நிக்குதுங்களே" என்று அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சாரதாமணி அன்று மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை என்று வேல்முருகன் மேலே வந்து சொன்னான்.

புதன்கிழமை வேல்முருகன் விடிந்ததும் கரூருக்குப் போய்விட்டான். கம்ப்யூட்டர் சர்வீஸ் ஆளுக்குப் போன் செய்தால் சனிக்கிழமைதான் வர முடியும் என்றார். அதுவரை தறியைச் சும்மா விட முடியாது. காலை பத்து மணிக்கு சௌந்தர்யா கீழே போன் செய்தாள்.

"அக்கா, நானே சொல்றேனுங்க. நீங்க ஒண்ணொண்ணா அமுத்துனாப் போதும்."

"சரி அம்மிணி. சொல்லு."

போன்களை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டார்கள். முதலில் இரண்டு கம்ப்யூட்டரையும் அணைத்துப் போட்டார்கள். பலனில்லை. நெட் வருகிறதா என்று பார்த்தார்கள். இரண்டிலும் வந்தது. சௌந்தர்யா தன் பக்கம் ஷேர் இன்னும் இருக்கிறதா என்று பார்த்தாள். அதுவும் அப்படியேதான் இருந்தது.

"அக்கா, இடது கைப் பக்கம் மஞ்சக் கலர்ல சின்னதா ஒரு பொட்டியாட்டம் இருக்குதுங்களா? அதை ரெண்டு வாட்டி டக்குடக்குனு அமுத்துங்க."

"அமுத்துனேன்."

"இப்ப என்னுங்க வருது?"

"அதேதான். பாதை கெடைக்கலைங்குது."

சௌந்தர்யா இப்படித்தான் இந்த ஒரு வருடமாக அக்காவிடம் பேசிவந்தாள். கல்யாணமாகி வந்த புதிதில், எந்த ஐகானை எதற்கு அமுக்க வேண்டும் என்று சிறு சிறு தாளில் எழுதி மானிட்டரைச் சுற்றி ஒட்டியும் வைத்திருந்தாள். சாரதாமணி வேண்டாம் என்று சொன்னதில்லை. அதிகம் பேசியதும் இல்லை. இருவருக்குள்ளும் சண்டை கிடையாது. நெருக்கம் என்றும் சொல்ல முடியாது. சாப்பிட்டாயா, தண்ணி வந்ததா என்ற அளவில் பேச்சு நின்றுவிடும்.

பதினொன்றரை மணி ஆயிற்று. சௌந்தர்யாவுக்கு இடுப்பு வலித்தது. யூடியூபில் பார்த்த நாலைந்து வழியும் தீர்ந்துவிட்டன. போனில் பட்டறைத் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அம்மிணி" என்றாள் சாரதாமணி. "உன்ற சிஸ்டத்தோட ஐ.பி. நெம்பர் என்னன்னு பாத்துச் சொல்லு."

சௌந்தர்யா சரியாகக் காதில் விழவில்லையோ என்று நினைத்தாள். "என்னுங்க்கா?"

"ஐ.பி. நெம்பரு. கறுப்பா ஒரு ஜன்னல் தொறக்குமே, அதுல ஐ.பி. கான்ஃபிக்னு அடி."

சௌந்தர்யா அடித்தாள். விரல் இரண்டு தடவை தப்பியது. "192.168.0.103-ங்க்கா."

"எனக்கு 192.168.1.5. மூணாவது நெம்பரப் பாரு. உனக்கு சைபர், எனக்கு ஒண்ணு. நீ ஒரு தெருவுல இருக்கற, நா வேறொரு தெருவுல இருக்கறேன். அப்புறம் எப்பிடிக் கதவு தட்டறது? ஞாயித்துக்கெழம மாடியில என்னத்த மாத்துனீங்க?"

அப்போதுதான் சௌந்தர்யாவுக்கு உறைத்தது. மாடியில் நெட் மெதுவாக இருந்தது. ராசிபுரத்தில் இருக்கும் அம்மாவிடம் வீடியோவில் பேசினால் பாதியில் நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை வேல்முருகன் ஒரு புது ரவுட்டர் வாங்கிவந்து, கீழிருக்கும் மோடத்திலிருந்து கேபிள் இழுத்து மாட்டினான். நெட் பறந்தது. அந்தச் சந்தோஷத்தில், மறுநாள் ஃபோல்டர் திறக்காததற்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"புது ரவுட்டரு மாட்டுனாருங்க்கா."

"அந்தப் பொட்டிதான் உனக்குத் தனியா நெம்பர் குடுக்குது. இரு, வாரேன்."

"ஐயோ அக்கா, கால் வலியோட நீங்க ஏறாதீங்க…"

போன் கட்டாகிவிட்டது. சாரதாமணி ஒவ்வொரு படியாக, கைப்பிடியைப் பிடித்து நின்று நின்று ஏறிவரும் சத்தம் கேட்டது. வந்ததும் கட்டில் முனையில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். சௌந்தர்யா தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அக்கா, இதெல்லாம் உங்களுக்கு எப்பிடிங்க தெரியும்?"

"நா பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் அம்மிணி. திருச்செங்கோட்டுல படிச்சேன். மூணு வருசமும் லேபுல நாந்தான் மொத மார்க்கு."

"ஒருத்தருமே சொல்லலீங்களே!"

"யாரும் கேக்கலையே. கல்யாணமாகி வந்தப்ப இங்க கம்ப்யூட்டரே கெடையாது. பொறவு வந்துது, தறி சாஃப்ட்வேர் வந்துது, அதப் பாத்துக்கிட்டேன். சர்டிபிகேட்டு பீரோவுல கெடக்குது." அவள் குரலில் குறை எதுவும் இல்லை. சோறு ஆகிவிட்டது என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

சௌந்தர்யாவுக்கு முகம் சூடானது. மானிட்டரைச் சுற்றி ஒட்டிய தாள்கள் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன. "நா அந்தச் சீட்டெல்லாம் ஒட்டி வெச்சு… நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங்களே அக்கா."

"நீ வந்த புதுசு. ஆசையா ஒட்டுன. அதக் கிழிக்கறதா?" சாரதாமணி சிரித்துவிட்டாள். அவள் இப்படிச் சத்தமாகச் சிரித்து சௌந்தர்யா கேட்டதே இல்லை. "ஒண்ணுல மட்டும் எழுத்துப் பிழ இருந்துது. அதத் திருத்திக்கிட்டேன்."

சௌந்தர்யாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

பிறகு இருவரும் ரவுட்டர் முன் உட்கார்ந்தார்கள். கீழிருந்து வந்த கேபிள் நீலத் துளையில் செருகியிருந்தது. பக்கத்தில் மஞ்சள் துளைகள் நான்கு காலியாக இருந்தன.

"இதுக்கு மேல எனக்குத் தெரியாது" என்றாள் சாரதாமணி. "எங்க காலத்துல வைஃபையே இல்ல. இது நெம்பர் குடுக்கறத நிறுத்தோணும். கீழ இருக்கற மோடமே ரெண்டு பேருத்துக்கும் குடுக்கட்டும். அத எங்க நிறுத்தறதுன்னு நீதான் பாக்கோணும்."

அது சௌந்தர்யாவுக்குத் தெரிந்த இடம். ரவுட்டரைத் திருப்பி அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படித்து, கம்ப்யூட்டரில் அதன் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தாள். ஏகப்பட்ட பட்டன்கள். ஒவ்வொன்றையும் உரக்கப் படித்தாள். சாரதாமணி வேண்டாம், வேண்டாம் என்று தலையாட்டிக்கொண்டே வந்தாள். 'டி.ஹெச்.சி.பி.' என்று படித்ததும் "அதேதான், நெம்பர் குடுக்கறது" என்றாள். சௌந்தர்யா அதை நிறுத்திவிட்டு சேவ் கொடுத்தாள். ரவுட்டர் விளக்குகள் எல்லாம் அணைந்தன. பக்கம் மறைந்தது. நெட்டும் போயிற்று.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"கெடுத்துப்போட்டமாங்க்கா?"

"இரு, இரு. இப்பக் கேபிள மாத்து. நீலத்துல இருந்தா இது தனித் தெருவாவேதான் நிக்கும்."

சௌந்தர்யா குனிய முடியாமல் குனியப் போக, சாரதாமணி அவளைத் தடுத்துத் தானே நீலத் துளையிலிருந்து கேபிளைப் பிடுங்கி மஞ்சள் துளையில் செருகினாள். ஒரு நிமிடம். ஒன்றரை நிமிடம். பச்சை விளக்கு மினுக்கத் தொடங்கியது. சௌந்தர்யா கறுப்பு ஜன்னலில் மறுபடி அடித்தாள்.

"192.168.1.7!"

"வந்துட்டியா என்ற தெருவுக்கு" என்றாள் சாரதாமணி.

அவள் மெல்ல இறங்கிப் போய், போனை மறுபடி ஸ்பீக்கரில் போட்டாள். புது நம்பரை அடித்துப் பார்த்தாள். திறக்கவில்லை. சௌந்தர்யாவுக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. ஆனால் இந்தத் தடவை அவளே யோசித்தாள். கம்ப்யூட்டருக்கு இது புது இணைப்பு. பஸ் ஸ்டாண்டு வைஃபையோ என்று பயந்து அதுவாகவே கதவைச் சாத்தியிருக்கலாம். செட்டிங்ஸில் போய்ப் பார்த்தாள். 'பப்ளிக்' என்றே இருந்தது. அதை 'பிரைவேட்' என்று மாற்றினாள்.

"இப்பப் பாருங்க்கா."

"பேரும் பாஸ்வேர்டும் கேக்குது!" சாரதாமணியின் குரல் உயர்ந்தது. "கேக்குதுன்னா அக்கட்ட ஆளு இருக்குதுன்னு அர்த்தம்."

சௌந்தர்யா தன் நாலு இலக்க பின் நம்பரைச் சொன்னாள். தப்பு என்றது. மறுபடியும் தப்பு. தினமும் அந்த நம்பரில்தான் கம்ப்யூட்டரைத் திறக்கிறாள். கொஞ்சம் தேடிப் படித்த பிறகு புரிந்தது. பின் நம்பர் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும்தான். வெளியிலிருந்து வருபவருக்கு முழுப் பாஸ்வேர்டு வேண்டும். அதை வைத்தவன் வேல்முருகன். அவன் போன் எடுக்கவில்லை.

"அக்கா, உங்களுக்குன்னு தனியா ஒரு பேரு போட்டுடறேனுங்க. என்ற சிஸ்டத்துல உங்க பேர்லயே ஒரு கணக்கு."

"என்ற பேருலயா?"

"ஆமாங்க்கா. பாஸ்வேர்டு நீங்களே சொல்லுங்க."

சாரதாமணி ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். சௌந்தர்யா அடித்து முடித்ததும், "என்ற காலேஜு ரிஜிஸ்டர் நெம்பரு" என்றாள் சாரதாமணி. ஒரு எழுத்துகூட அவள் தடுமாறவில்லை. ஃபோல்டரில் அந்தப் பேருக்கு அனுமதியும் கொடுத்துவிட்டு, "அடிங்க்கா" என்றாள்.

கீழே விசைப்பலகைச் சத்தம் கேட்டது. பிறகு, "சாமி! வந்துருச்சு! எல்லாம் வந்துருச்சு! பார்டரு, கிளி, பூவு, அத்தனையும் இருக்குது!"

சௌந்தர்யா கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். மணி ஒன்றேகால். வயிற்றுக்குள் ஓர் உதை விழுந்தது.

சாயங்காலம் தறியில் கிளிகள் ஒன்றையொன்று பார்த்தபடி ஓடிக்கொண்டிருந்தன. கரூரிலிருந்து வந்த வேல்முருகன் விஷயத்தைக் கேட்டு, "ரவுட்டர நான்தான் தப்பா மாட்டுனனா?" என்று தலையைச் சொறிந்தான். அர்த்தநாரி சர்வீஸ் ஆளுக்குப் போன் செய்து வர வேண்டாம் என்று சொன்னார். யார் சரி செய்தது என்று அந்த ஆள் கேட்டிருக்க வேண்டும். "எங்கூட்டுப் பொம்பளைங்கதானுங்க" என்று அர்த்தநாரி பதில் சொன்னது மாடி வரைக்கும் கேட்டது.

அதற்குப் பிறகு சௌந்தர்யாவும் சாரதாமணியும் பேசும் பேச்சு எங்கெங்கோ போனது. பூவுக்கு இந்த மஞ்சள் எடுக்குமா என்று சாரதாமணி கேட்பாள். எடுக்காது என்று சௌந்தர்யா வாதாடுவாள். ஒருநாள் கிளிப்பச்சையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறார்கள். கடைசியில் இருவரும் விட்டுக்கொடுக்காமல் இரண்டு நிறத்திலும் ஓட்டிப் பார்த்தார்கள்.

அடுத்த வாரம் ஒரு பகல். முன்னறையில் சாரதாமணி ஃபைல் மாற்றிக்கொண்டிருந்தாள். திடீரென்று பக்கத்து மேஜையில் இருந்த பிரிண்டர் யாரும் தொடாமலே உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது. அவள் திடுக்கிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். ஒரு தாள் மெல்ல வெளியே வந்தது. பெரிய எழுத்தில் ஒரே வரி:

"அக்கா, சாப்டாச்சுங்களா? மாடியிலிருந்து பிரிண்டரும் வேலை செய்யுது."

சாரதாமணி அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு ஃபோல்டரைத் திறந்து புதிதாக ஒரு ஃபைல் போட்டு, "இன்னும் இல்ல. கத்திரிக்காக் கொழம்பு. உனக்குத் தட்டுல போட்டு வேல்முருகங்கிட்டக் குடுத்துவுடறேன்" என்று அடித்து சேவ் செய்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.